பூனை சினைப்பட்டால் காசை எங்கே செலவிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கையில் பூனை இல்லாத வீடு அரிது. அவற்றுள் ஒன்று சினைப்படும்போது, கையில் காசு குறைந்த வீட்டார் ஒன்றில் எதுவுமே செய்யாது விட்டுவிடுகிறார்கள், அல்லது வேண்டாத செலவைச் செய்துவிட்டு, வேண்டிய இரவில் வெறுங்கையுடன் நிற்கிறார்கள். இரண்டாவது தவறைச் செய்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு எங்கள் பூனையின் வயிறு பருத்தபோது, பூச்சி என்று எண்ணி, கடையொன்றில் சொன்னதைக் கேட்டுப் பூச்சிமருந்தும் சத்துப்பாணியும் வாங்கினேன். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதன் முலைக்காம்புகள் தடித்து ரோசா நிறமாகி, சுற்றிவர மயிர் விலகியிருந்ததை, மடியில் மல்லாந்து கிடந்தபோது நான் கண்டிருந்தேன், பொருள்தான் விளங்கவில்லை. கடுவனுடன் சேர்ந்து ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தோன்றும் இந்த மாற்றமே செலவின்றிக் காணக்கூடிய முதல் அடையாளம். முதற்சினைப் பூனையில் இது தெளிவாகவே தெரியும். வயிறு பருப்பது ஐந்தாம் வாரமளவில்தான். பூனை கத்தித் திரிந்த நாட்களைக் கலண்டரில் குறித்து வைத்தால், அதிலிருந்து 63 முதல் 67 நாட்களுக்குள் குட்டி போடும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

குட்டி இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்ப்பது கூடாது; கருவுக்கு ஆபத்து. நான்காம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகும், 45 நாட்களுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளை எண்ணலாம் என்பது உண்மையே. ஆயினும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடும் பூனைக்கு இவ்விரண்டையும் தவிர்த்து, ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டி, பூச்சிமருந்தையும் அவர் சொல்லும் அளவில் கொடுத்து, மீதிக் காசைப் பேற்று நாளுக்காக ஒதுக்கி வைப்பதே புத்தி என்பது என் கருத்து.

உணவுக்குப் பெரும் செலவு வேண்டாம். சூடை மீனை உப்பு, வெங்காயம் சேர்க்காமல் அவித்து முள் நீக்கியும், இடையிடையே அவித்த முட்டையும் கோழியிறைச்சியும் கொடுக்கலாம். பச்சை மீனையே நாளும் போட்டால் உயிர்ச்சத்து பி1 குறையும். அவித்தால் அந்தக் கேடு நீங்கும். மீன் மட்டும் போதாது என்பதால், குட்டிப் பூனைகளுக்கான உலருணவைச் சிறிதளவேனும் சேர்த்துக்கொள்வது நல்லது. கடைசி வாரங்களில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு சாப்பாடு, சிறிது சிறிதாகப் பல வேளைகளில் வேண்டும். ரின்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். பாலூட்டும் தாய்க்குப் பசுப்பால் அவசியம் என்று நம் பாட்டிமார் சொன்னது பூனைக்குப் பொருந்தாது. நோகிறதே என்று பனடோல் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

பேறு நெருங்கியதும் பழைய சாரம் விரித்த அட்டைப்பெட்டியொன்றை இருட்டான மூலையில் வைத்தால் போதும். (எங்களது அதை ஏறெடுத்தும் பாராமல் அலுமாரியில் என் சேலைகளின் மேல் குட்டி போடத் தொடங்கியது.) பெரும்பாலும் தாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். குட்டியைச் சுற்றிய சவ்வை அது கிழிக்காவிட்டால் மட்டும், சுத்தமான கையால் கிழித்து மூக்கைத் துடைத்துவிட வேண்டும், கொடியை இழுக்கக்கூடாது. அரைமணிநேரம் கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டாலோ, முதற்குட்டிக்கு முன் பச்சை நிறக் கழிவோ துர்நாற்றமோ இருந்தாலோ விடியும்வரை காத்திராமல் ஓட்டோ பிடிக்க வேண்டும். ஒதுக்கி வைத்த காசு அதற்குத்தான். என்னுடையது சத்துப்பாணியில் போயிருந்தது; மூன்றாவது குட்டி இடையில் சிக்கியபோது அயல்வீட்டு அக்காவிடம் கடன் கேட்டே புறப்பட்டேன்.

எமது நாட்டில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால் பூனைகளுக்கு ஓய்வுக் காலமென்று ஒன்றில்லை. பாலூட்டும்போதே மறுபடியும் சினைப்படக்கூடும். எனவே குட்டிகள் பால்மறக்கும்வரை தாயை வீட்டுக்குள் வைத்திருந்து, அதன்பின் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதே மிகவும் மலிவான வழி. அந்த ஒரு செலவையும் ஒரேயடியாகத் தாங்க முடியாத கடற்றொழிலாளர் குடும்பங்கள் இங்கு பல. ஆகவே, குறைந்த கட்டணத்தில் பூனைகளுக்கான கருத்தடை முகாம்களைக் கரையோரக் கிராமங்களில், கடலுக்குப் போகாத நாட்களில், முன்னறிவித்தலுடன் நடத்துமாறு உரிய அதிகாரிகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
திருக்கடலூர், திருகோணமலை.