அந்த ஒரு வரியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை இதழின் 5-ஆம் பக்கத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். வட்டத்துக்குள் ஒரு பிரபலத்தின் முகம், பக்கத்தில் தடித்த எழுத்தில் அவர் பெயர், ஒரு நீல டிக், அதற்கடியில் நேராக அந்தச் சர்ச்சைக்குரிய இரண்டு வரிகள். வெள்ளிக்கிழமை 11-ஆம் பக்கத்தின் அடியில், அது அவருடைய கணக்கே அல்ல, அவரைக் கிண்டல் செய்ய யாரோ நடத்தும் பகடிக் கணக்கு என்று நான்கு வரித் திருத்தம் வந்தது.

திருத்தம் போட்டதற்கு நன்றி. தவறு நேருவது இயல்பு. 31 ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவள் நான். பிழையே இல்லாத பக்கம் ஒன்றை இன்னும் என் கண்ணால் கண்டதில்லை. என் வருத்தம் வேறு. அன்று மாலையே பேத்தியின் உதவியோடு அந்தப் பதிவின் அசலைத் தேடிப் பிடித்தேன். பெயருக்கும் பதிவுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், மெலிந்த எழுத்தில், இன்னொரு வரி இருந்தது. அதைத் தொட்டுச் சுயவிவரப் பக்கத்துக்குப் போனால், பயோ என்கிற அறிமுகக் குறிப்பின் முதல் சொல்லே 'பகடி'. உங்கள் பக்கத்தில் இடம் போதவில்லை என்று கத்தரித்தது சரியாக அந்தச் சாம்பல் வரியைத்தான்.

உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் என்று பொடி எழுத்தில் போடுகிறீர்களே, யாரும் படிப்பதில்லை என்பதற்காக அதை என்றைக்காவது வெட்டியிருக்கிறீர்களா? சமூக வலைதளங்களில் அந்த வேலையைச் செய்வது இந்தச் சாம்பல் வரி. பயனர் பெயர் என்கிறார்கள்.

பெயர் வேறு, பயனர் பெயர் வேறு. பெயருக்கான இடத்தில் அவரவர் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். எக்ஸ் தளத்தில் அதற்கு 50 எழுத்து வரை இடம் உண்டு. தமிழில் எழுதலாம், நட்சத்திரம் பூ எல்லாம் வைக்கலாம், ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கலாம். கீழே, வட்டத்துக்குள் சுருண்டு படுத்த ஆங்கில 'ஏ'யோடு (@) தொடங்கும் பயனர் பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது. 15 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவை தவிர வேறெதையும் உள்ளே விடமாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒன்று ஒருவருக்குத்தான். இன்ஸ்டாகிராமில் 30 எழுத்து வரை போகலாம், புள்ளியும் வைக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். பெயரைப் பெயர்ப்பலகை என்றால் இதைக் கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை எந்தக் கடையிலும் எழுதி வாங்கிவிடலாம்.

ஆனாலும் தளங்கள் பெயரைக் கறுப்பிலும் கதவு எண்ணைச் சாம்பலிலும் போடுகின்றன. எந்த வரியை வெட்டலாம் என்று உங்கள் வடிவமைப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீல டிக் இருந்ததே என்று உங்கள் செய்திப்பிரிவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த டிக்கின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2009-இல், எக்ஸ் தளம் ட்விட்டராக இருந்த காலத்தில், இன்னார் இன்னார்தான் என்று நிறுவனம் சரிபார்த்ததற்கு அடையாளமாக அதைக் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரலில், சந்தா கட்டாத பழைய ஆட்களிடமிருந்து அதை எடுத்தும்விட்டார்கள். நிறுவனங்களுக்குத் தங்க நிறம், அரசு சார்ந்த கணக்குகளுக்குச் சாம்பல் நிறம் என்று தனியாக வைத்தார்கள். நீல டிக் மட்டும் அதே நிறத்தில், அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. பொருள்தான் இடம் மாறிவிட்டது. அச்சகத்தில் இப்படி ஒரு குறியின் பொருளை நடுவழியில் மாற்றியிருந்தால் மேலாளரோடு பெரிய சண்டையே போட்டிருப்பேன்.

அந்த நவம்பரிலேயே ஒரு கூத்து நடந்தது. எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒருவர் கணக்குத் தொடங்கி, சந்தா கட்டி நீல டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். உண்மையான நிறுவனம் ஓடிவந்து மறுப்பும் மன்னிப்பும் சொல்ல வேண்டியதாயிற்று. நான் இதைச் சொல்வது நீல டிக்கைத் திட்டுவதற்கு மட்டுமல்ல, என் பேச்சுக்கு நானே ஒரு கடிவாளம் போடுவதற்கும்தான். அந்தப் போலியின் பயனர் பெயரைப் பார்த்தால் நிறுவனத்தின் முழுப்பெயர் போலவே இருக்கும். உண்மையான கணக்கின் பயனர் பெயரோ அப்போது 'லில்லிபேட்'. எது போலி என்று கேட்டால் நானும் இரண்டாவதைத்தான் காட்டியிருப்பேன். கதவு எண்ணைப் பார்த்த பிறகும் ஒருமுறை விசாரிக்கத்தான் வேண்டும்; அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், எங்கள் பக்கம் இது என்று அவர்களே கொடுத்திருக்கும் இணைப்பு எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணே இல்லாத வீட்டை எங்கே போய் விசாரிப்பது? அதனால்தான் வெட்டாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று தேதி. போன மாதம் நீங்கள் வெளியிட்ட வேறொரு ஸ்கிரீன்ஷாட்டில் '2 மணி நேரத்துக்கு முன்' என்று இருந்தது. காலை ஆறு மணிக்கு அதைப் படிக்கிற நான் நான்கு மணி என்று கணக்குப் போடுவதா? பக்கம் அச்சுக்குப் போனதே நள்ளிரவில்தானே!

தேதியைப் பார்க்காமல் நானே பட்டிருக்கிறேன். அச்சகத்தில் எந்திரம் ஓட்டிய தம்பி ஒருவரின் பக்கத்துக்குப் போனேன். முதல் பதிவே அவருடைய அப்பாவின் படம். கீழே, இன்று காலை எங்களை விட்டுப் பிரிந்தார் என்ற வரி. கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் அழுதுகொண்டே தொலைபேசியில் அழைத்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, அப்பா போய் நான்கு வருடமாகிறது. அந்தப் பதிவை எப்போதும் மேலேயே இருக்கும்படி பின் குத்தி வைத்திருக்கிறேன்" என்றார். மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பதிவின் தலைமாட்டில் சின்னதாக ஒரு குண்டூசிப் படம், பெயருக்கு அருகில் நான்கு ஆண்டுக்கு முந்தைய தேதி. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் பார்த்துச் சம்பளம் வாங்கிய கண்கள் இவை.

அந்த அவமானத்துக்குப் பிறகு தேதிகளை விடுவதில்லை. அது ஒருமுறை பலனும் கொடுத்தது. நெடுநாள் தோழி ஒருத்தியின் பெயரிலும் படத்திலும் எனக்கு நட்பு அழைப்பு வந்தது. அவள்தான் ஏற்கெனவே என் பட்டியலில் இருக்கிறாளே என்றேன். "பழைய கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள் பாட்டி" என்றாள் பேத்தி. பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். சுயவிவரப் படம் மாற்றிய தேதி 14. பக்கத்தின் உச்சியில் அகலமாக இருக்கும் அட்டைப் படம் 14. பேரனைத் தூக்கி வைத்திருக்கும் படம், திருமண நாள் படம், எல்லாம் 14. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அறுபத்தாறு வயதுக்காரி ஒரே நாளில் பிறந்து, கல்யாணம் செய்து, பேரனும் எடுத்துவிட்டாள்! நண்பர்கள் 11 பேர். மாலைக்குள் அந்தக் கணக்கிலிருந்து எங்கள் பழைய வட்டத்தில் நான்கைந்து பேருக்கு 'அவசரமாகப் பணம் வேண்டும்' என்ற செய்தி போயிருந்தது. மூன்று புள்ளிகளைத் தொட்டு, வேறொருவர் போல் நடிக்கிறார் என்று புகார் செய்தோம். மறுநாள் அந்தப் பக்கம் இல்லை.

எங்களைப் பற்றி அந்த மோசடிக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று தோழிக்கு ஒரே குழப்பம். அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தால் நண்பர்கள் பட்டியல் ஊருக்கெல்லாம் திறந்து கிடந்தது. ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு பதிவின் தேதிக்கும் பக்கத்தில் கடுகளவு ஒரு படம் இருக்கும்: உலக உருண்டை என்றால் எல்லாரும் பார்க்கலாம், இரண்டு தலை என்றால் நண்பர்கள் மட்டும், பூட்டு என்றால் தான் மட்டும். நண்பர்கள் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதற்கும் அமைப்புகளில் இதே போன்ற தேர்வு உண்டு. அங்கே பூட்டுப் போட்டோம். தற்போதைய சுயவிவரப் படத்துக்கும் அட்டைப் படத்துக்கும் பூட்டு கிடையாது. அவை எப்போதும் வாசல் திண்ணையில்தான். தோழி அன்றே அட்டைப் படத்தில் இருந்த குடும்பத்தை எடுத்துவிட்டு ஒரு மலையைப் போட்டுவிட்டாள்.

ஆசிரியர் அவர்களே, முதியோர் சமூக வலைதளங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்கே பார்த்து எச்சரிக்கையாக இருப்பது? ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் பக்கத்துக்கு ஒரு சுயவிவரப் பக்கத்தின் படத்தைப் போட்டு, இது பெயர், இது பயனர் பெயர், இது கணக்குத் தொடங்கிய மாதம், இது குண்டூசி, இது உலக உருண்டை என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். இன்ஸ்டாகிராமில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற இடத்துக்குப் போனால் சேர்ந்த தேதி தெரியும் என்பதையும் ஓர் ஓரத்தில் போடுங்கள். என் வயதுக்காரர்கள் பலர் அந்தப் பக்கமே போனதில்லை. தளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இவற்றையெல்லாம் இடம் மாற்றி வைக்கும் என்பது தெரியும். அப்போது மறுபடியும் போடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் வெளியிடும்போது பயனர் பெயர் வரியையும் தேதியையும் அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் முகத்தை வெட்டுங்கள். அது யார் முகம் என்று வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இன்னும் ஒன்று. வெள்ளிக்கிழமைத் திருத்தத்தில் அந்தப் பகடிக் கணக்கின் பயனர் பெயரைக் கொடுத்திருந்தீர்கள். கடைசியில் இருக்கும் அடிக்கோடு விட்டுப்போயிருக்கிறது. அடிக்கோடு இல்லாத பெயரில் வேறொருவர் இருக்கிறார்; பறவைகளின் படங்களை மட்டும் போடுகிற மனிதர். நேற்றுப் பார்த்தபோது அவருடைய மீன்கொத்திப் படத்துக்குக் கீழே நாற்பது பேர் திட்டியிருந்தார்கள். ஒரு திருத்தத்துக்குத் திருத்தம் போட இடம் இருக்குமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்