மேக்கிங் வீடியோவில் வேலையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுப் படம் வந்தால் கூடவே ஒரு மேக்கிங் வீடியோவும் வந்துவிடுகிறது. உங்கள் சினிமா பக்கமும் அதைச் செய்தியாக்குகிறது. அதில் கேக் வெட்டுகிறார்கள், கதாநாயகன் டூப் இல்லாமல் குதிக்கிறார், குடை நிழலில் இயக்குநர் சிரிக்கிறார். பந்தியைக் காட்டிவிட்டு ஆக்குப்புரையைப் பூட்டி வைக்கிற கதை. மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் எனக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

தப்பித்தவறி எப்போதாவது உண்மையான வேலை கண்ணில் படும். அப்படி ஒரு வீடியோவில் பார்த்த காட்சி இது: மகன் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான்; அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பாவாக வரும் நடிகர் முகத்தைச் சுளித்து நடித்ததும் இயக்குநர், "அவன் பேசி முடிக்கும்வரை டம்ளரைக் கீழே வைக்காதீர்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த டேக்கில் டம்ளரோடு அந்த மனிதர் பட்ட தவிப்பு இருக்கிறதே! பிறகு எடிட்டிங் அறை. மகனின் குரல் ஓடுகிறது, படம் அப்பாவின் விரல்களிலேயே நிற்கிறது. எடிட்டர் வெட்டை, அதாவது அடுத்த ஷாட்டுக்கு மாறும் இடத்தை, எட்டு ஃபிரேம் (ஒற்றைப் படம்) தள்ளிவைத்துப் பார்த்தார். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் அது ஒரு நொடியில் மூன்றிலொரு பங்குதான். அப்பாவின் தயக்கம் அந்தத் துண்டில்தான் வந்து உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு, தாலி கட்டும் நேரத்தில் ஒரு கேமரா பெண்ணின் அம்மா முகத்தை விட்டு நகரக் கூடாது என்று என்னோடு வேலை செய்யும் பையன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் சிலர் முணுமுணுப்பார்கள். அம்மாமார் யாரும் குறை சொன்னதில்லை.

ஒலியும் அப்படித்தான். முட்டம் கடற்கரையில் மைக் பிடித்தவருக்குத் தெரியும், காற்று எப்படி அறையும் என்று. விவரம் தெரிந்த ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடமாவது தனியாகப் பதிவு செய்துகொள்வார். வசனங்களை ஒட்டும் இடங்களில் காது இடறாமல் இருக்க அதுதான் அடியில் ஓடும். அந்த அரை நிமிடத்தை எந்த மேக்கிங் வீடியோ காட்டுகிறது?

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி.டேனியல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1975இல் காலமானார். இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் என எல்லாம் அவரே பார்த்தார். படத்தின் பிரதியே இன்று இல்லாதபோது எப்படி வெட்டினார், எப்படி ஒட்டினார் என்று யாரிடம் போய்க் கேட்பது? இப்போது வரும் படங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது.

சென்னைத் திரைப்படக் கல்லூரிக்கு இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம். போய்ப் படிக்க எல்லாருக்கும் வசதியில்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ட்ரோன் பறக்கவிடும் பையன்கள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். எடுத்ததை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஓடி முடிந்த படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியின் எல்லா டேக்குகளையும், எடிட்டர் அதை முதலில் வெட்டி ஒட்டிய வடிவத்தையும், கடைசி வடிவத்தையும் தயாரிப்பாளர்கள் வெளியிட்டால் போதும். கதை கசிந்துவிடும் என்ற பயமும் இல்லை.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எடிட்டர் ஒருவரைப் பேட்டி காணும்போது, பிடித்த கதாநாயகன் யார் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். மனமில்லாமல் வெட்டி எறிந்த காட்சி எது, ஏன் எறிந்தீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
மார்த்தாண்டம்.