சர்க்கரை உள்ள பெரியவர்களின் மறதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோபி, காங்கயம், தாராபுரம் பக்கம் பல தோட்டத்து வீடுகளில் வயதான இருவர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ. பெரியவர் எதையாவது மறந்தால் "வயசானா அப்படித்தானுங்க" என்று விட்டுவிடுகிறோம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அப்படி விடவே கூடாது.

பல வருடச் சர்க்கரை மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது. அதில் சர்க்கரையும் உண்டு. குளிப்பது, உடுத்துவதெல்லாம் பின்னால்தான் தடுமாறும். முதலில் அடிபடுவது பால் சொசைட்டிக் கணக்கு, போட்ட மோட்டாரை நிறுத்துவது, முக்கியமாக மாத்திரை. காலையில் போட்டதை மறந்து பத்து மணிக்கு இன்னொன்று போடுவார். அல்லது போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பார். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டில் சோறு வந்த பிறகே மாத்திரையை எடுத்துக் கொடுங்கள்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது தெரியாமலே போகலாம். பிரஷருக்கு அட்டினோலால், மெட்டோபிரோலால் சாப்பிடுபவருக்குப் படபடப்பும் தெரியாது. பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருப்பார். திட்டுவதற்கு முன் விரலில் குத்தி மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சோறோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். வீட்டுச் சர்க்கரையும் உதவும். ஆனால் வோக்லிபோஸ் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு அது மெதுவாகத்தான் ஏறும், குளுக்கோஸ்தான் வேண்டும். மீட்டர் இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். இப்படிக் கடுமையாக இறங்கினால் மூளைக்குச் சேதம் வரலாம்.

இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு அளவு உண்டு. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கண் மங்கி, மறதியும் உள்ளவரிடம் இந்த வேலையை விடவே கூடாது. அமாவாசை விரதத்துக்கும் தைப்பூசப் பாதயாத்திரைக்கும் அன்றைய மருந்தளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.5க்கு வந்தே தீர வேண்டும் என்று மறதி உள்ளவரைப் பிள்ளைகள் நெருக்குவதும் தவறு. அவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்க வழிகாட்டுதல். மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பி12 வைட்டமின் பரிசோதனையும் கேளுங்கள். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் மறதியாக வெளியே தெரியலாம். இது மருந்தால் சரிசெய்யக்கூடிய குறை.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் ஊழியர், போன முறை கொடுத்த அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணிப் பார்த்தாலே மருந்தில் வரும் தடுமாற்றம் அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. கணக்கு இடிக்கும் வீட்டு விவரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் உடனே போக மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோபிசெட்டிபாளையம்.