கணக்கு நோட்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனாவுக்குப் பிறகு மக்கள் பொருள் வாங்கும் பழக்கம் எப்படி மாறியது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போனில் ஆர்டர், வாசலில் டெலிவரி என்பதெல்லாம் சென்னைக்குச் சரி. எங்கள் குத்தாலம் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது வேறு.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் சம்பளக்காரர் வீடுகளில் துவரம்பருப்பையும் எண்ணெயையும் வாங்கி அடுக்கினார்கள். அன்றாடக் கூலியில் பத்து ரூபாய்க்குப் புளி, இருபது ரூபாய்க்கு எண்ணெய் என்று வாங்குகிறவர்கள் எதை அடுக்குவது? ரேஷனில் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையோடு 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். சோற்றுக்குப் பழுதில்லை. மிளகாய்த்தூளுக்கும் சோப்புக்கும் தெருமுனை மளிகைக் கடைதான் கதி. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். அவருக்குச் சரக்கு போடுகிறவரோ ரொக்கம் இல்லாமல் மூட்டையை இறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அந்த ஜூன் 12-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில் மேட்டூர் அணை திறந்தது. குறுவை நடவுக் கூலி வந்த பிறகுதான் பல வீடுகளின் பாக்கி அடைந்தது. ‘நுகர்வோர் நம்பிக்கை’, அதாவது மக்களுக்குச் செலவு செய்ய வருகிற துணிச்சல், என்கிறார் கட்டுரையாளர். எங்கள் ஊரில் அதை மேட்டூர் நீர்மட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

2021 மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு. மளிகைக் கடைகளும் மூடின, காய்கறி வண்டியில் வந்தது. அப்புறம் போனில் ஆர்டர் எடுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். சாமான் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை. ஜூனில் அரசு கொடுத்த 14 பொருள் தொகுப்பில் மிளகாய்த்தூள், டீத்தூள், சோப்பு எல்லாம் இருந்தன. முந்தைய வருடம் நோட்டில் எது ஏறியது என்று யாரோ கவனித்திருக்கிறார்கள் போல!

இப்போது அதே கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் கையில் பணம் இருக்கிறவர்கள் தள்ளுபடி பார்த்து டவுன் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் ஆன்லைன். நோட்டில் எழுதச் சொல்கிறவர்கள் மட்டும் இவரிடம். கடன் வியாபாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடை எத்தனை நாள் ஓடும்? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை உங்கள் நிருபரை மார்கழியில் அனுப்புங்கள். நடவு, களையெடுப்பு வேலை முடிந்து, சம்பா அறுவடை தொடங்காத நேரம் அது. கல்லாவை விட்டுவிட்டு, கடைக்காரர் அனுமதித்தால், நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.

— ஒரு வாசகர், குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்