எச்சரிக்கை யாருக்கு?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிசேஷம் சொல்லும்போது நரகம், நியாயத்தீர்ப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பயமுறுத்தி யாரையும் ஆண்டவரிடம் கொண்டுவர முடியாது என்ற அளவில் எனக்கும் முழுச் சம்மதம். அதற்காக நியாயத்தீர்ப்பையே விட்டுவிடுவதா? ஞாயிறுதோறும் எழுந்து நின்று ‘உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்’ என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். ஆலயத்துக்குள் அறிக்கையிடுவதை வெளியே வந்ததும் மறைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. என்னைக் கேட்டால், அந்த எச்சரிக்கையை நாம் ஆள் மாறிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, குளச்சல் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த முகாமுக்கு எங்கள் சபையிலிருந்து சிலர் போயிருந்தோம். பாய், போர்வை, அரிசி எல்லாம் கொண்டுபோயிருந்தோம். வராந்தாத் தூணில் சாய்ந்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்துபோன ஒரு குழுவினர் பிஸ்கட் பாக்கெட்டோடு சேர்த்து ஒரு கைப்பிரதியும் கொடுத்திருந்தார்கள். அட்டையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீ. எனக்கு ஆசிரியை வேலை என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. அந்த அம்மா அதை என்னிடம் நீட்டி, “இதுல என்ன போட்டிருக்கு டீச்சர், வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். மனதுக்குள் முதல் இரண்டு வரி வாசித்தேன். கடல் பொங்கியது தேவகோபம், இப்போதாவது மனந்திரும்பு என்று இருந்தது. வாய் திறக்க வரவில்லை. “ஜெபம் போட்டிருக்கும்மா” என்று சொல்லி அதை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். சொன்னது பொய்தான். இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிலிப்பி பட்டணத்துச் சிறையில், சுவிசேஷம் சொல்லி வந்த அப்போஸ்தலன் பவுலின் கால்களைத் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டி வைத்தவன் அந்தச் சிறைச்சாலைக்காரன். நடு ராத்திரியில் பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துகொள்கிறது. கைதிகள் ஓடிப்போய்விட்டார்கள் என்று நினைத்து அவன் பட்டயத்தை உருவித் தன்னையே கொல்லப் போகிறான். ‘பார், உன்மேல் வந்த தண்டனை’ என்று பவுல் சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்குமா? ஆனால் பவுல் சத்தமிட்டுச் சொன்னது, உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்பதுதான். இயேசு கிறிஸ்துவை விசுவாசி, அப்போது நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள் என்றது அதற்கப்புறம். அந்த ராத்திரியில் நியாயத்தீர்ப்பு பற்றிப் பேசினதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை.

அதே பவுல் 24ஆம் அதிகாரத்தில் செசரியாவில் கைதியாக இருக்கிறார். அவருடைய வழக்கு ரோம தேசாதிபதி பேலிக்ஸ் கையில். பேலிக்ஸ் தன் மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து, பேசு கேட்கிறேன் என்கிறான். விடுதலையாக வேண்டிய மனுஷன் இதமாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம் அல்லவா? பவுல் எடுத்துக்கொண்டது நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்துபோய், இப்போது நீ போகலாம், சமயமானபோது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். லஞ்சம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து இரண்டு வருஷம் காவலில் வைத்திருந்தான் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அவனிடம் அந்தப் பேச்சைப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆண்டவரும் அப்படித்தான். எரிநரகத்தைப் பற்றி அவர் கடுமையாகச் சொன்னது பெரும்பாலும் சீஷர்களிடமும், வேதபாரகர், பரிசேயர் என்ற மதத் தலைவர்களிடமும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, எச்சரிக்கையைத் தம் முன்னால் நின்றுகொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார். இது லூக்கா 13இல் இருக்கிறது. அந்தக் கைப்பிரதியை எழுதியவர் வாசிக்காத அதிகாரமாக இருக்காது.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவரிடமும், சாவு வீட்டிலும், வேறு போக்கிடம் இல்லாதவரிடமும் நரகத்தைச் சொல்ல நமக்குத் தைரியம் இருக்கிறது. முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆலயத்தில் முன் பெஞ்சில் உட்காருகிறவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5இல் இருக்கிறது. நாற்பது வருஷமாக ஆலயத்துக்குப் போகிறேன், அந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் இரண்டு முறை கேட்டிருப்பேன். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு மூலை ஒதுக்குகிற சபைகளில், எளியவர்களுக்குச் செய்ததையும் செய்யாததையும் வைத்து ஆண்டவர் நியாயந்தீர்க்கிற, மத்தேயு 25இல் செம்மறியாடும் வெள்ளாடும் பிரியும் இடத்தை யார் நிறுத்தி வாசிக்கிறார்கள்?

நியாயத்தீர்ப்பை எடுத்துவிட்டால் அந்தக் கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன மிச்சம்? தன் வழக்கைக் கேட்க ஒருவர் வருகிறார் என்பது அவளுக்கு நற்செய்தி. கட்டுரை எழுதியவர் இதை யோசித்தாரா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் வருகிறது. கர்த்தரின் வருகையைத் தியானிக்கிற அந்த நான்கு ஞாயிறுக்கும் இந்த வேதபகுதிகளை வைத்து நான்கு சிறு தியானங்கள் போடுங்கள். கைப்பிரதியாகவும் அச்சடித்தால் நூறு பிரதி என் செலவில் வாங்கிக்கொள்கிறேன். எங்கள் ஆலயத்தில் முன் பெஞ்சிலிருந்து கொடுக்கத் தொடங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்