எங்கள் பக்கத்து ஓ.பி. வரிசைக்கும் ஒரு மாணவரை அனுப்புங்கள்

சென்னையில் மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் காசிமேட்டுக்காரி. உங்களைப் போன்ற ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பை (எம்.எச்.ஏ.) முடித்துவிட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். “அப்படின்னா நீ டாக்டரா, நர்ஸா?” என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

கடைசி செமஸ்டரில் என் ப்ராஜெக்ட், டிஸ்சார்ஜுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. எங்கள் பேட்சில் பாதிப் பேர் செய்ததும் அதேதான் (அந்த பைண்டிங்குகள் உங்கள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும்). ஏ.சி. வார்டில் நின்றபடி, டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்ற நிமிடம், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆன நிமிடம், மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிய நிமிடம், இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்த நிமிடம் என்று குறித்துக்கொண்டே இருந்தேன். நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை.

அப்புறம் போன வருடம் ஒரு திங்கட்கிழமை, அம்மாவின் சுகர் மாத்திரைக்காக எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நின்றேன். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒன்று, ரத்தம் கொடுக்க ஒன்று, மாத்திரைக்கு ஒன்று. கடைசி வரிசையில் பழக்கதோஷத்தில் எண்ணினேன். எனக்கு முன்னால் 140 பேர். நிமிடத்துக்கு இரண்டு பேர் நகர்ந்தார்கள். ஆக, 70 நிமிடம். வருகிற வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையில் நிற்பவர் எண்ணிக்கை கிடைக்கும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த சூத்திரம், பரீட்சையில் புரியாதது, அன்று கால் வலியில் புரிந்தது. பக்கத்துக் கவுண்டர் மூடியிருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேராம். மாத்திரை இருந்தது, பார்மசிஸ்ட் இருந்தார். கம்ப்யூட்டருக்கு யார் பொறுப்பு என்பதுதான் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா கூடையில் மீன் விற்பவர். “ஏலம் எடுத்து, கூடையைக் காலி பண்ணிட்டு வர்றதுக்குள்ள இங்க சீட்டு குடுக்கறத நிறுத்திடறாங்க” என்றார். காலையில் வந்தால் வியாபாரம் போச்சு, வியாபாரத்தைப் பார்த்தால் மாத்திரை போச்சு. மாதத்தில் பல நாள் மாத்திரை இல்லாமலேயே ஓட்டுகிறாராம். ‘மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாத நோயாளி’ என்று நம் பாடத்தில் வருவது இவர்தான். 2021 முதல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் பகல் முழுக்க அவர் தெருவில் இருக்கிறார்.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்கில் வைத்து, எவ்வளவுக்கு மருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாயிற்று என்று பதிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட நிர்வாகம் அது. எனக்கு வகுப்பில் அது ஒரே ஒரு ஸ்லைடு. கிடங்கிலிருந்து கவுண்டர் வரை வழி கண்டாகிவிட்டது. கவுண்டரிலிருந்து அந்த அக்காவின் கைக்கு வருவது பாக்கி. அதற்குத்தானே நம்மைப் படிக்க வைக்கிறீர்கள்?

கேட்பது இதுதான்: களப் பயிற்சியில் இரண்டு மாதமாவது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் இருக்கட்டும். மாணவர் தனியாக மனு எடுத்துக்கொண்டு போனால் மேஜை மேஜையாக அலைவதுதான் மிச்சம். உங்கள் துறைகள் சேர்ந்து அரசின் சுகாதாரத் துறையில் பேசி அனுமதி வாங்குங்கள். ‘ப்ளேஸ்மென்ட் என்ன ஆகும்’ என்று கேட்பீர்கள், தெரியும். தனியார் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. 140 பேர் வரிசையைப் பாதியாக்கிக் காட்டிய பெண்ணை எந்த மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லும்?

முதல் பேட்சை வேண்டுமானால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை காலை ஏழு மணி, ராயபுரம் ரயில் நிலைய வாசல். ஷூ வேண்டாம், செருப்பு போதும். நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவிகளில் ஒருத்தி
காசிமேடு