முதல் பால் கன்றுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

பிரசவத்துக்கு வாங்க வேண்டியவை என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கடைசியில் இரண்டு பால் புட்டி, ஒரு டப்பா பால் பவுடர், "எதற்கும் இருக்கட்டும்" என்று. அவற்றை அடித்துவிடு. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைப்பதுதான் நடுராத்திரியில் முதலில் கைக்கு வரும்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. மூத்தவன் பிறந்ததும் நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தார்கள். மறுநாளே, "இவளுக்குப் பால் ஊறவில்லை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் மார்பு கல்லாய்க் கனத்தபோது அவன் புட்டிக்குப் பழகி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் பெருக இரண்டு மூன்று நாளாகும், அதுவரை மஞ்சளாகக் கசியும் சீம்பாலே உணவு என்று ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும் அந்தச் சின்ன வயிற்றுக்கு.

நம் கட்டுத்தரையில் மாடு ஈன்றால் அம்மாயி என்ன செய்வார்? கன்று தள்ளாடி எழுவதற்குள் மடியில் கொண்டுபோய் விடுவார். அது குடித்து மிஞ்சியதைத்தான் நமக்குக் காய்ச்சித் தருவார். அதே அம்மாயிதான் என்னிடம், "முதல் பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டிவிடு" என்றார். அது என்ன கணக்கோ!

காம்பைத் துணியால் தேய்த்துக் கெட்டிப்படுத்தச் சொல்வார்கள்; காதில் வாங்காதே. காம்பு உள்வாங்கியிருந்தால் மட்டும் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல். பழக வேண்டியது குழந்தையைப் பிடிக்க வைக்கும் விதம். வெறும் காம்பைச் சப்பினால் புண்தான் மிஞ்சும். சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போய், மோவாய் மார்பில் முட்ட வேண்டும். இருவரும் நலமாக இருந்தால், சிசேரியன் ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைக் கேட்டு வாங்கு. பிறகு நாளுக்கு 8 முதல் 12 முறை. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். ஐந்து நாளுக்குப் பின் தினமும் ஆறு தடவையாவது குழந்தை துணியை நனைத்தால் பயமில்லை. எடை பார்த்து டாக்டரே பவுடர் கொடுக்கச் சொன்னால் அது வேறு. அங்கே வீம்பு வேண்டாம்.

சீனித் தண்ணீரோடு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தும் வேலை உன் வீட்டுக்காரருக்கு. இப்போதே சொல்லிவை.

கட்டுச்சோறு விருந்து முடிந்து பிரசவத்துக்காக நீ காங்கேயம் வரும்போது நானும் வருகிறேன். அம்மாயியிடம் நான் பேசிக்கொள்கிறேன், கட்டுத்தரையில் வைத்தே.

உன் அக்கா